ஒரு சிறுபாலத்துக்கு இவ்வளவு செலவா? வாஷிங்டன் மாநிலத்தின் சால்மன் வழிகள்

வாசகர் கேள்வி, 2024 ஜூலை 12

சியாட்டிலுக்கு வடக்கே குடியிருக்கிறேன். நான் வேலைக்குப் போகும் நெடுஞ்சாலையை இந்தக் கோடையில் அடிக்கடி மூடுகிறார்கள். சாலைக்கு அடியில் இருக்கும் பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு, மீன் போவதற்குப் பாலம் கட்டுகிறார்களாம். அந்த ஓடையை நேரில் போய்ப் பார்த்தேன். கணுக்கால் நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. இதில் எந்த மீன் போகப்போகிறது? மீன்தான் முக்கியம் என்றால் ஒரு படிக்கட்டு கட்டிவிட்டால் போதாதா? வரிப் பணம் இப்படிப் போவது எந்த ஊர் நியாயம்?

ஜூலை 12, இரவு

கணுக்கால் நனையாத தண்ணீர் என்பது ஜூலை மாதத்துக் காட்சி. வேலையை இந்த மாதங்களில் வைத்துக்கொள்வதே அதற்காகத்தான். மேற்கு வாஷிங்டனில் கோடையில் மழை குறைவு, ஓடை மெலிந்துவிடும், ஏறி வரும் மீனும் அனேகமாக இருக்காது. ஓடைக்குள் இறங்கி வேலை செய்ய மீன் வனவிலங்குத் துறை தரும் அனுமதி பெரும்பாலும் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரைக்கும்தான். அந்தச் சில வாரங்களுக்குள் குழாயைத் தோண்டி எடுத்து, புதியதை வைத்து, தண்ணீரைத் திருப்பி விட்டாக வேண்டும். சாலையை மூடுவதன் அவசரம் அங்கிருந்து வருகிறது.

அதே ஓடையை நவம்பரில் போய்ப் பாருங்கள். முழங்கால் அளவு ஓடும்.

ஜூலை 13

சாலை வடிகால் வடிவமைப்புதான் என் தொழில், அதனால் குழாய் எப்படி மீனுக்குச் சுவராகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1950களிலும் 60களிலும் இங்கே நெடுஞ்சாலை போட்டவர்கள் ஓடையைத் தண்ணீராக மட்டும் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு இத்தனை கன அடி, அதைக் கடத்த இத்தனை அங்குலக் குழாய் என்று கணக்குப் போட்டார்கள். குழாய் சிறிதாக இருந்தால் மேல்பக்கம் தண்ணீர் தேங்கும், அந்த அழுத்தத்தில் வேகமாக உள்ளே போகும், வேலை முடிந்தது என்பது அந்தக் கணக்கு. மீனுக்கு இடைஞ்சல் தொடங்குவது அங்கேதான். ஆறடி, ஏழடி அகலத்தில் பரவி ஓடும் ஓடையை மூன்றடிக் குழாய்க்குள் திணித்தால் வேகம் கூடுகிறது. குழாய்க்குள் கல் இல்லை, வேர் இல்லை, மீன் நின்று மூச்சு வாங்க ஒரு மறைவு இல்லை. வெளியே பீறிடும் நீர் கீழ்ப்பக்கத்துப் படுகையை அரித்துக் குழி பறிக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் குழி ஆழமாகிறது. இருபது முப்பது ஆண்டில் குழாயின் வாய் அந்தரத்தில் தொங்குகிறது. மேல்பக்கமோ நேர்மாறு. தேங்கிய நீர் சரளையை அங்கேயே இறக்கி வைக்க, படுகை உயர்கிறது.

குழாய் வாயிலிருந்து நீர் விழும் உயரம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டரைத் தாண்டினாலே அந்தச் சிறுபாலத்தை, அதாவது சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்தும் அந்தக் குழாயை, மீனுக்குத் தடை என்றுதான் இங்கே வகைப்படுத்துகிறார்கள். ஒரு சாண் அளவு. "சால்மன் அருவியையே தாண்டுமே" என்று உடனே கேள்வி வரும். வளர்ந்த கோஹோ சால்மன் தாண்டும்தான், ஓடிவந்து எகிறுவதற்குக் கீழே ஆழமான மடு இருந்தால். சம் சால்மன் அவ்வளவாகத் தாண்டாது. விரல் நீளக் குஞ்சுகளால் முடியவே முடியாது.

தாண்டி உள்ளே போன பிறகும் வேகத்தோடு போராட வேண்டும். குழாய்களை நீர்வேகக் கணக்கின்படி வடிவமைத்த காலத்து விதி ஒன்று உண்டு. குழாய் 60 அடிக்குள் இருந்தால் வளர்ந்த கோஹோவுக்கு விநாடிக்கு 6 அடி வேகம் வரை சமாளிக்கக்கூடியது. 200 அடிக்கு மேல் நீண்டால் 3 அடிதான். சம் மீனுக்கு அதே அளவுகள் 5 அடியும் 2 அடியும். நீளம் கூடக் கூட மீன் களைத்துப்போகும் என்பதுதான் அதன் அடிப்படை. நான்கு வழிச் சாலை, அதற்கு அடியில் உயரமான மண்மேடு என்றால் குழாய் 200 அடியைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். மழைநாளில் அதற்குள் விநாடிக்கு 2 அடி வேகமாவது, நீங்களே யோசியுங்கள்.

ஜூலை 13, மாலை

படிக்கட்டு பற்றி. குழாய்க்குள் தடுப்புப் பலகைகள் பொருத்தி, கீழே படித்தொட்டி கட்டி, பல இடங்களில் செய்து பார்த்தார்கள். ஒரு கிளை வந்து குறுக்கே மாட்டினால் அடைப்பு. ஆண்டுதோறும் ஆள் போய்ச் சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் மழைக்காலத்தில், மீன் ஏறும் நேரத்தில். வளர்ந்த மீனை மனத்தில் வைத்துக் கட்டிய படி குஞ்சுக்கு உதவாது. அதோடு சிறு குழாய் சிறு குழாயாகவே இருக்கும், வெள்ளம் வந்தால் அதே நெருக்கடி.

குஞ்சு எதற்கு மேலே ஏற வேண்டும் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். கோஹோ குஞ்சு பொரித்தவுடன் கடலுக்கு ஓடிவிடுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நன்னீரில் வளர்கிறது. குளிர்காலத்தில் பேராற்றில் வெள்ளம் புரளும்போது கிளை ஓடைகளுக்குள்ளும் சதுப்புகளுக்குள்ளும் ஒதுங்குகிறது. கணுக்கால் அளவு தண்ணீர் என்று நீங்கள் ஒதுக்கிய ஓடைதான் அதற்குப் புகலிடம். வாசலை அடைத்துவிட்டால் ஒதுங்க இடமின்றிப் பேராற்று வெள்ளத்தோடு அடித்துப்போகும்.

ஜூலை 16

"வரிப் பணம் எந்த ஊர் நியாயம்" என்பதற்கு இப்போது வருகிறேன். அது கடன் தீர்க்கும் பணம்.

1854, 1855ஆம் ஆண்டுகளில் அன்றைய வாஷிங்டன் பிரதேச ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ், பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியைச் சுற்றியிருந்த பூர்வகுடிகளோடு அடுத்தடுத்து ஒப்பந்தங்கள் போட்டார். முதலாவது மெடிசின் ஓடைக் கரையில், 1854 டிசம்பரில். பூர்வகுடிகள் பரந்த நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு அவர்கள் கைவிடாமல் வைத்துக்கொண்டது, வழக்கமாக மீன் பிடித்துவந்த இடங்களில் தொடர்ந்து மீன் பிடிக்கும் உரிமை. மீன் பிடிக்கும் உரிமையை அரசு அவர்களுக்குக் கருணையோடு அளித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது அவர்களிடம் முன்பே இருந்தது. அரசு பெற்றுக்கொண்டது நிலத்தை.

அடுத்த நூறு ஆண்டு அந்த உரிமையைப் பயன்படுத்தியவர்களைக் கைது செய்தார்கள். நிஸ்குவாலி என்ற பூர்வகுடிக் குலத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் முதன்முதலில் கைதானது 1945-ல், அப்போது அவருக்கு வயது 14. வாழ்நாளில் 50 தடவைக்கு மேல் கைதானார். 1974 பிப்ரவரி 12-ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார்: பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தக் குலங்களுக்கு. அதன்பின் எழுந்தது அடுத்த கேள்வி. பாதி என்றீர்கள், ஆனால் ஓடைகளை அடைத்து மீனே இல்லாமல் செய்துவிட்டால் எதில் பாதி?

2001-ல் 21 குலங்கள் இந்தக் கேள்வியைச் சிறுபாலங்களின் மீது வைத்து வழக்காக்கின. மத்திய அரசு அவர்கள் பக்கம் நின்றது. 2007-ல் நீதிபதி ரிக்கார்டோ மார்ட்டினெஸ் குலங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2013-ல் கட்டளை வந்தது: மேல்பக்கத்தில் 200 மீட்டரோ அதற்கு மேலோ மீன் வாழிடம் இருக்கும் மாநில நெடுஞ்சாலைத் தடைகளைச் சரிசெய்ய வேண்டும், அடைபட்ட வாழிடத்தில் 90 விழுக்காடு 2030-க்குள் திறந்தாக வேண்டும். மாநிலம் மேல்முறையீடு செய்தது. 2016-ல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. 2018 ஜூன் 11-ல் உச்ச நீதிமன்றத்திலும் கட்டளை நிலைத்தது.

பில்லி ஃபிராங்க் 2014-ல் இறந்துவிட்டார். கட்டளையைப் பார்த்தார், கடைசித் தீர்ப்பைப் பார்க்கவில்லை. எனக்கு அது உறுத்துகிறது.

ஜூலை 17

ஒரு திருத்தம். "உச்ச நீதிமன்றம் மீனுக்கு ஆதரவாகப் பேசிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நீதிபதிகள் நான்குக்கு நான்கு என்று பிரிந்தார்கள். இந்த வழக்கின் முந்தைய கட்டத்தை 1985-ல் கீழ் நீதிமன்றத்தில் விசாரித்த அமர்வில் நீதிபதி கென்னடி இருந்தவர் என்பதால் விலகிக்கொண்டார். சமமாகப் பிரிந்தால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும். விளக்கத் தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே இது நாடு முழுவதற்குமான முன்னுதாரணம் ஆகாது. இங்கே, இந்த வழக்குக்கு உட்பட்ட பகுதியில், கட்டுப்படுத்தும்.

ஜூலை 28

இந்த வாரம் வேறொரு வேலையிடத்தில் நிற்க வாய்த்தது. எந்த நெடுஞ்சாலை என்று எழுதவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஓடையை மேலேயும் கீழேயும் வலை கட்டி மறிக்கிறார்கள். இடையில் மாட்டிய மீன்களைக் கைவலையால் அள்ளுகிறார்கள். பிறகு முதுகில் மின்கலம் சுமந்த ஒருவர் மெல்லிய மின்னோட்டத்தைத் தண்ணீருக்குள் விட, கல்லிடுக்கில் இருக்கும் குஞ்சுகள் கணநேரம் மயங்கி மேலே வருகின்றன. காற்று ஊதும் வாளியில் போட்டு எண்ணி, வேலையிடத்துக்கு அப்பால் கொண்டுபோய் விடுகிறார்கள். கோஹோ குஞ்சு, ஸ்கல்பின், சிறிய டிரவுட். "எந்த மீன்?" என்று கேட்டவருக்கு அந்த வாளியைக் காட்டியிருக்கலாம்.

அதன்பின் மேலே அணை கட்டி, பம்பு வைத்து, தண்ணீரைக் குழாய் வழியாகச் சுற்றிக் கீழே விடுகிறார்கள். படுகை வற்றுகிறது. வேலை முடிந்தது என்று நான் நகரப் பார்த்தேன். உயிரியலாளர் நகரவில்லை. ஈரச் சேற்றில் கண் பதித்துக் குந்தியிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சேறு அங்கங்கே நெளிந்தது. விலாங்கு போல நீண்ட லாம்ப்ரே என்ற மீனின் குஞ்சுகள். பென்சிலைவிட ஒல்லி, சேற்று நிறம், பல ஆண்டு அந்தச் சேற்றுக்குள்ளேயே புதைந்து வளர்பவை. தண்ணீர் இறங்கிய பிறகே ஒவ்வொன்றாக வெளிவரும். அவர் விரலால் ஒவ்வொன்றையும் எடுத்து வாளியில் விட்டார். மேலே எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

இன்னொரு வேலை, படுகை போடுவது. புதிய பாலத்துக்கு அடியில் ஓடை தானாக அமைந்துவிடும் என்று நினைப்போம். பெரிய கல், கூழாங்கல், சரளை, மணல், வண்டல் எல்லாவற்றையும் விகிதம் பார்த்துக் கலந்து அடுக்கடுக்காகப் போடுகிறார்கள். ஒவ்வோர் அடுக்கின் மேலும் மணலைப் பரப்பி, குழாயால் தண்ணீர் பீய்ச்சி, கல்லிடுக்குகளுக்குள் இறக்குகிறார்கள். இடுக்கு அடைபடாவிட்டால் ஓடைத் தண்ணீர் முழுவதும் கல்லுக்கு அடியில் இறங்கி மறைந்துவிடும், மேலே வறண்ட கல்தரைதான் மிஞ்சும். பீய்ச்சிய தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே நின்று ஓடத் தொடங்கினால்தான் அடுத்த அடுக்கு. பொறுமையைச் சோதிக்கும் வேலை. வரைபடத்தில் நான் ஒரு வரியில் எழுதிவிடுவது அங்கே நாள் முழுவதும் பிடிக்கிறது.

ஆகஸ்ட் 3

அகலம் எப்படி முடிவாகிறது என்று கேட்டவருக்கு.

ஓடையில் நடந்து, கரை ததும்பி ஓடும்போது நீர் எட்டும் அகலத்தை அளக்கிறோம். பாசி எங்கே நிற்கிறது, நிலைத்த செடி எங்கே தொடங்குகிறது, கரை எங்கே மடிகிறது என்பவை அடையாளம். சாலையின் பாதிப்பு எட்டாத தூரத்தில், பல இடங்களில். அந்த அகலத்தை 1.2 ஆல் பெருக்கி 2 அடி கூட்டு. இயற்கைப் படுகையை அப்படியே உள்ளே தொடரவைக்கும் சிறுபாலத்துக்குக் குறைந்தபட்ச அகலம் அது. மாநில மீன் வனவிலங்குத் துறையின் 2013 வழிகாட்டியில் இருக்கிறது. 10 அடி ஓடைக்கு 14 அடி. பெரிய ஓடை என்றால் பாலமேதான்.

இந்தக் கணக்கில் வெள்ளத்தின் கன அடி முதலில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓடையின் உடம்பை அளந்து சட்டை தைக்கிறோம். வெள்ளக் கணக்கைப் பிறகு சரிபார்க்கிறோம், அனேகமாக எப்போதும் மிஞ்சியே இருக்கும்.

இதற்கு நல்ல சோதனை நாட்டின் மறுகோடியில் நடந்தது. 2011 ஆகஸ்ட் 28-ல் ஐரீன் புயல் வெர்மான்ட் மாநிலத்தைப் புரட்டிப்போட்டது. ஏறத்தாழ 1,000 சிறுபாலங்கள் சேதமாயின. ஊர்கள் துண்டிக்கப்பட்டு, ஹெலிகாப்டரில் உணவு போட்டார்கள். அங்கே கிரீன் மௌண்டன் தேசிய வனப்பகுதியில், மீனுக்காக இதே முறையில் அதற்குச் சற்று முன்பு மாற்றிக் கட்டியிருந்த ஓடைக் கடவுகள் நின்றன. பக்கத்திலேயே பழைய குழாய்கள் சாலையோடு போயின.

குழாய் உடைவது பெரும்பாலும் தண்ணீர் மிகுதியால் மட்டும் இல்லை. வெள்ளம் மரத்தையும் கல்லையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. ஒரு மரம் வாயில் மாட்டினால் குழாய் என்ன அளவாக இருந்தும் பயனில்லை. தண்ணீர் மண்மேட்டின் மேலேறி, மறுபக்கம் இறங்கும்போது மேட்டை அறுத்துக்கொண்டு போகிறது. ஓடையைவிட அகலமான கடவில் மரமும் கல்லும் தம் பாட்டுக்குக் கடந்துபோகின்றன. கல் போக முடிந்த இடத்தில் மீனும் போகும்.

ஆகஸ்ட் 4

"அப்படியானால் மீன் ஒரு சாக்குத்தானே, சாலைக்குத்தான் லாபம்" என்கிறார் கேள்வி கேட்டவர். இரண்டுக்கும் லாபம். அந்த இரும்புக் குழாய்களுக்கு வயது அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டையாகி, தண்ணீர் குழாய்க்கு வெளியே மண்ணுக்குள் ஓடத் தொடங்கினால் மண் கரைந்து சாலை உள்வாங்கும். மாற்றியே ஆகவேண்டியவை. அதே அளவுக் குழாயை மறுபடியும் வைத்தால் இன்னோர் ஐம்பது ஆண்டுக்கு அதே தொல்லையை விலை கொடுத்து வாங்குகிறோம்.

செப்டம்பர் 14

செலவைப் பற்றிக் கேட்பவர்களைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. தொகை பெரியது. 2022-ல் மாநிலச் சட்டமன்றம் இதற்கென்று 240 கோடி டாலர் ஒதுக்கியது. போதாது என்று போக்குவரத்துத் துறையே சொல்லிவிட்டது. 2021-ன் மத்திய உள்கட்டமைப்புச் சட்டத்தில், நாடு முழுவதும் சிறுபாலங்களை அகற்றவும் மாற்றவும் ஐந்தாண்டுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கீடு உண்டு. அதிலும் இங்கே கொஞ்சம் வருகிறது.

எளிதானவை முதலில் முடிந்துவிட்டன. மிஞ்சியிருப்பவை நாற்பது அடி மண்மேட்டுக்கு அடியில், அகலச் சாலைக்குக் கீழே, வண்டிப் போக்குவரத்தை நிறுத்த முடியாத இடங்களில். தண்ணீர்க் குழாய், எரிவாயு, கண்ணாடி இழைக் கம்பி எல்லாம் அதே மண்ணுக்குள். மாற்றுப்பாதை போடுவதே தனித் திட்டமாகிவிடும். கம்பியும் சிமெண்டும் விலையேறியது ஒரு பக்கம். எல்லோரும் ஒரே கெடுவுக்குள் ஒரே வகை ஒப்பந்தக்காரர்களைத் தேடுவது இன்னொரு பக்கம்.

ஆனாலும் என்னை உண்மையில் வாட்டுவது தொகை இல்லை. நீதிமன்றக் கட்டளை மாநில நெடுஞ்சாலைகளுக்கு மட்டும். ஓர் ஓடை கடலிலிருந்து மேலே போகையில் ரயில் பாதை, மாவட்டச் சாலை, நகரத் தெரு, தனியார் வண்டிப்பாதை எல்லாவற்றையும் கடக்கிறது. நெடுஞ்சாலைக்கு அடியில் அழகான பாலம் கட்டிவிட்டு, சற்றுக் கீழே யாரோ ஒருவரின் வாசலுக்குக் கீழ் ஒன்றரை அடிக் குழாய் அந்தரத்தில் தொங்கினால்? மீன் அங்கேயே நின்றுவிடும். இது நிகழ்ந்திருக்கிறது, பல ஓடைகளில். மாநிலம் இதையே வாதமாக வைத்துத் தப்பிக்கப் பார்த்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்காதது சரி. ஒவ்வொருவரும் அடுத்தவர் குழாயைக் காட்டிக்கொண்டிருந்தால் ஒன்றும் நகராது. ஆனால் வரிசைமுறை என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை.

செப்டம்பர் 15

வரிசைமுறைக்கு நல்ல எடுத்துக்காட்டு கேட்டார்கள். சம்மாமிஷ் ஏரிக் கரையில் ஜாக்கூஸ் ஓடை. கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் கோக்கனி சால்மன் முட்டையிட ஏறும் சின்ன ஓடை. ஏரிக்கரைச் சாலைக்குக் கீழிருந்த தடையை 2018-ல் நகராட்சி மாற்றியது, ஸ்னோக்வால்மி குலமும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே ஓடையில் பல உரிமையாளர்கள், ஒரே மேசை. எனக்குத் தெரிந்து நம்மவர்கள் பலர் குடியிருக்கும் பகுதி அது. நடைபயிற்சிக்குப் போகும்போது ஒருமுறை குனிந்து பாருங்கள்.

அக்டோபர் 27

மழை வந்துவிட்டது.

"நகரத்து ஓடையில் வழி திறந்தும் கோஹோ செத்துப்போகிறதே" என்று செய்தியை அனுப்பியிருக்கிறார் ஒரு வாசகி. உண்மை. சியாட்டிலின் லாங்ஃபெலோ ஓடை போன்றவற்றில், முட்டையிட வந்த கோஹோ முட்டையிடும் முன்பே வாய் பிளந்து, நிலைதடுமாறிச் சுற்றிச் சாவதை ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். மோசமான ஆண்டுகளில் பாதிக்கு மேல் இப்படிப் போனது. காரணம் 2020 டிசம்பரில் வெளியான ஆய்வில் தெரிந்தது. டயர் ரப்பர் விரிசல் விடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குவினோன் ஆகிறது. சாலையில் தேய்ந்து விழும் டயர்த் துகளோடு முதல் மழையில் ஓடைக்கு வருகிறது. சம் சால்மன் தாங்கிக்கொள்கிறது. கோஹோ சில மணி நேரத்தில் சாகிறது.

அதனால் வழி திறப்பது வீண் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாலைத் தண்ணீரை நேரே ஓடையில் விடாமல், மணலும் மட்கிய உரமும் கலந்த மண்ணுக்குள் இறக்கி வடித்தால் அந்த நஞ்சு பெருமளவு நின்றுவிடுகிறது, மீன் பிழைக்கிறது. இதுவும் சோதித்துப் பார்த்ததுதான். சாலையைத் தோண்டும்போதே வடிகட்டும் மண்பாத்தியையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். நான் வேலையிடத்தில் இப்போது ஓயாமல் கேட்டு நச்சரிப்பது இதைத்தான்.

நவம்பர் 22

19-ந் தேதி இரவுப் புயலில் மின்சாரம் போய், இப்போதுதான் வந்தது. எங்கள் தெருவில் மட்டும் பெரிய மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக. ஓடைகளுக்குள் விழுந்தவை எத்தனையோ. இந்த மரங்களெல்லாம் அடுத்த பெருவெள்ளத்தில் நகரும். பழைய குழாய் உள்ள இடங்களில் வாயை அடைக்கும். பெரிய கடவு உள்ள இடங்களில் கடந்து போய் எங்காவது தங்கி, மடுவும் நிழலும் உண்டாக்கும். ஒரே மரம்தான்.

நவம்பர் 30

குழந்தைகளோடு சியாட்டில் கார்கீக் பூங்காவுக்குப் போயிருந்தேன். பைப்பர்ஸ் ஓடையில் சம் ஏறிக்கொண்டிருந்தது. கடற்கரையை ஒட்டிய ரயில் பாதைக்கு அடியில் குழாய் வழியாக வந்துதான் பூங்காவுக்குள் நுழைகின்றன. இந்த ஓடையில் பூர்வீகச் சால்மன் அற்றுப்போனது. சுகுவாமிஷ் குலம் வளர்த்துத் தரும் குஞ்சுகளைத் தன்னார்வலர்களும் பள்ளிப் பிள்ளைகளும் பராமரித்து ஆண்டுதோறும் விட்டு, மறுபடி ஏறவைத்தார்கள்.

ஆண் மீனின் பக்கவாட்டில் ஊதாவும் பச்சையுமாகத் தீற்றல், மேல்தாடை கொக்கியாக வளைந்து பல் நீண்டிருந்தது. வால் நுனி தேய்ந்து வெள்ளையாக இருந்தது பெண். சரளையை வாலால் அடித்து அடித்துக் குழி பறித்ததில் வந்த தேய்வு. என் மகள் பாலத்தின் மேல் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தாள். செத்துக் கிடந்தவை நாறின, அவளுக்கு அதுவும் பொருட்டில்லை. அந்த உடல்களைக் காகமும் ரக்கூனும் காட்டுக்குள் இழுத்துப்போகின்றன. கடலின் நைட்ரஜன் கரையோர மரங்களில் சேர்வதை மர வளையங்களில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவருக்கு: நேரம் கிடைத்தால் டிசம்பர் முதல் வாரத்துக்குள் போய்ப் பாருங்கள்.

டிசம்பர் 8

கேள்வி கேட்டவர் போய் வந்து எழுதியிருக்கிறார்: "மீன் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். செலவை ஒப்புக்கொள்ளவில்லை." நேர்மையான பதில். அதை வைத்தே என் மனத்தில் ஓடுவதைச் சொல்கிறேன்.

2030 என்ற கெடு இல்லாமலிருந்தால் இதில் கால்வாசிகூட நடந்திருக்காது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வாழிட நீளத்தை வைத்து அளக்கும் கெடு, மீன் எண்ணிக்கையை அளப்பதில்லை. ஒரு மண்மேட்டுக்குக் கீழே மிகப் பெருந்தொகை கொட்டித் திறக்கும் ஓர் ஓடையின் பணத்தில், மாவட்டச் சாலைகளில் எத்தனையோ சிறிய தடைகளை நீக்கி, ஏற்கெனவே கட்டிய பாலங்களுக்கு உயிர் கொடுக்கலாமே என்று தோன்றும் நாள்கள் உண்டு. பிறகு வேறொன்று தோன்றுகிறது. அந்தப் பணத்தை வேறு இடத்தில் செலவிடலாம் என்று முடிவுசெய்யும் உரிமை கடன்பட்டவருக்கு எப்படி வரும்? குலங்கள் ஒப்புக்கொண்டால் வரிசையை மாற்றலாம். அவர்களும் மேல்கீழ்த் தடைகள் எல்லாம் சேர்ந்து நீங்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துப் பேசாமல் "சிக்கனம்" என்று மாநிலம் தனியே எடுக்கும் எந்த முடிவும் பழைய கதையின் தொடர்ச்சிதான்.

2025 ஜனவரி 18

சின்னச் சேதி. போன ஆண்டு முடிந்த ஒரு கடவைப் பார்வையிடப் போனோம். உள்ளே நீரோட்டத்துக்குப் பக்கத்தில் விட்டிருந்த உலர்ந்த கரையில் மான் குளம்புத் தடம், ரக்கூன் கைத்தடம். மேலே வண்டிகள் பறக்கின்றன, கீழே மான் சாலையைக் கடந்துவிட்டது. வண்டியில் மான் மோதி இன்சூரன்ஸுக்கு அலைந்தவர்கள் இதன் மதிப்பை அறிவார்கள்.

பிப்ரவரி 9

கடைசியாக வந்த கேள்வி எல்லாவற்றையும்விட உருப்படியானது. "எங்கள் வீட்டுக்குப் போகும் தனிப்பாதைக்கு அடியிலும் ஒரு குழாய் இருக்கிறது. ஐந்து வீட்டுக்குப் பொது. என்ன செய்ய வேண்டும்?"

முதலில் மாநில மீன் வனவிலங்குத் துறையின் இணைய வரைபடத்தில் உங்கள் ஓடையைத் தேடுங்கள். அறிந்த தடைகள் எல்லாம் புள்ளியாக இருக்கும். உங்கள் குழாய் அதில் இல்லாவிட்டால் அளக்க ஆள் வரச் சொல்லலாம். குழாய் வாயிலிருந்து நீர் விழும் உயரம், குழாயின் அகலம், ஓடையின் அகலம் மூன்றையும் நீங்களே அளந்து படமெடுத்து வையுங்கள். கீழ்ப்பக்கம் அடுத்த தடை எது, மேல்பக்கம் எவ்வளவு தூரம் ஓடை திறந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை கொடுப்பவர்கள் முதலில் கேட்பது அதுதான்.

சிறு வன நில உரிமையாளர் என்ற வரையறைக்குள் வந்தால், 2003 முதல் நடக்கும் குடும்ப வன மீன்வழித் திட்டம் செலவில் 75 முதல் 100 விழுக்காடு வரை ஏற்கிறது. வராவிட்டால் 2014-ல் சட்டமன்றம் அமைத்த மீன்தடை நீக்க வாரியத்தின் பட்டியலுக்கு முயலுங்கள். உங்கள் வட்டார மீன்வள மேம்பாட்டுக் குழுவை அணுகுங்கள், மாநிலத்தில் அப்படி 14 உண்டு, விண்ணப்பம் எழுதவே உதவுவார்கள். உங்களுக்குக் கீழே மாநிலம் ஏற்கெனவே பாலம் கட்டியிருந்தால் அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

எக்ஸ்கவேட்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமையில் முடித்துத் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓடைக்குள் எது செய்தாலும் துறையின் நீர்ப்பணி அனுமதி வேண்டும். அதோடு, மேல்பக்கம் சேர்ந்திருக்கும் சரளையை யோசிக்காமல் குழாயை உருவினால் படுகை மேல்நோக்கி அறுத்துக்கொண்டே போய், அடுத்த வீட்டுக்காரரின் கரையைத் தின்றுவிடும். இந்தக் கோடைக்குள் எதுவும் முடியாது. ஐந்து வீட்டாரும் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தை இந்த மாதமே தயாராக்கிவிட்டால், அடுத்த ஆண்டு ஜூலைக்கு வழி உண்டு.